உழைக்க வரலாம், உறங்கக் கூடாது

சில வாரங்களுக்கு முன்பு கல்லூரி நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். ஆல்ப்ஸ் மலை, குன்றின் மேல் கோட்டை, கீழே திராட்சைத் தோட்டம். லீச்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டைப் பற்றியது. ராணுவம் இல்லை, குற்றம் குறைவு, வரி குறைவு, உலகப் பணக்கார நாடுகளில் ஒன்று என்று வரிசையாகப் பெருமைகள். அதன் அடியில் நண்பர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "இலவசமும் இட ஒதுக்கீடும் இல்லாத நாடு எப்படி இருக்குன்னு பாருங்க."

அவருக்கு உடனே பதில் எழுதவில்லை. அந்த நாட்டின் வாசலில் ஐந்து மாதம் குடியிருந்தவன் நான். வாசலில் என்றுதான் சொல்ல முடியும். உள்ளே குடியிருக்க விடமாட்டார்கள். சொத்துரிமைச் சட்டங்களின் வரலாறு என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அதற்காகத் தலைநகர் வாடூஸ் போய்வர வேண்டியிருந்தது. தங்கியதோ எல்லைக்கு இந்தப் பக்கம், ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ச் நகரில், ஒரு வீட்டின் மாடி அறையில். காலையில் பச்சை நிறப் பேருந்தில் போவேன், மாலையில் அதே பேருந்தில் திரும்புவேன். என்னோடு பேருந்து நிறைய ஆட்கள் போவார்கள், நிறைய ஆட்கள் திரும்புவார்கள்.

இந்தப் போக்குவரத்தைப் புரிந்துகொண்டால் அந்த நாட்டைப் புரிந்துகொள்ளலாம். பரப்பு 160 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பாதிகூடக் கிடையாது. 11 ஊர்கள், சுமார் 40,000 மக்கள். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை அங்கே வாழ்பவர்களின் எண்ணிக்கையை விட அதிகம். தட்டச்சுப் பிழை இல்லை, தோழர்களே. வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தினமும் காலையில் சுவிட்சர்லாந்தில் இருந்தும் ஆஸ்திரியாவில் இருந்தும் எல்லை தாண்டி வந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போகிறவர்கள். வங்கியில் கணக்கு எழுதுபவர், தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுபவர், முதியோருக்கு மருந்து கொடுப்பவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர் எல்லோரும் இதில் உண்டு.

ஏன் அங்கேயே வீடு எடுத்துத் தங்கக் கூடாது? அனுமதி கிடையாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் 1995-இல் சேர்ந்த நாடு அது. அந்தப் பகுதிக்குள் யாரும் எங்கும் போய் வாழலாம் என்பது பொது விதி. லீச்டென்ஸ்டைன் மட்டும் தனக்கென்று விலக்கு வாங்கி வைத்திருக்கிறது. வேலை பார்க்கும் ஐரோப்பியப் பகுதிக் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 56 குடியிருப்பு அனுமதி, வேலை பார்க்காதவர்களுக்கு 16. இதில் பாதியைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள். பக்கத்து வீடான சுவிட்சர்லாந்துக்காரருக்கு 12-ம் 5-ம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் அந்தக் குலுக்கலில் சீட்டே போட முடியாது.

குடவோலை முறையைச் சொல்லி மார்தட்டும் நமக்கு இந்தக் குலுக்கல் புதிதில்லை. சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு உள்ளவன் பெயர்தான் உத்திரமேரூரில் குடத்துக்குள் போனது. குலுக்கலில் யார் வருகிறார் என்பது பிறகு. ஓலை எழுத யாருக்கு உரிமை என்பதுதான் முதல் கேள்வி.

ஆகவே நண்பரே, இட ஒதுக்கீடு இல்லாத நாடு என்று எதைச் சொன்னீர்கள்? அந்த நாடே ஓர் இட ஒதுக்கீடு. பிறப்பால் வரும் இட ஒதுக்கீடு. 56 என்று எண்ணே போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊர் கூடி முடிவெடுக்கும்

சரி, எப்படியோ உள்ளே போய் வாழ்ந்துவிட்டீர்கள். குடிமகன் ஆவது எப்படி? இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 20 வயதுக்குள் வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கில் வரும். இன்னொன்று, 10 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, குடியிருக்கும் ஊரின் குடிமக்கள் வாக்களித்து உங்களை ஏற்க வேண்டும். உங்கள் பெயர் வாக்குக்கு வரும். ஊர் பார்த்து 'சேர்க்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்லும்.

'ஊர் கூடி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதுகு கூசும். நான் விழுப்புரம் மாவட்டத்துக் காலனியில் பிறந்தவன். ஊர் கூடினால் எங்கள் தெருவுக்கு என்ன முடிவு வரும் என்று பார்த்து வளர்ந்தவன்.

இதில் விதிவிலக்குக்கும் ஒரு விலை இருந்தது. ஃப்ரீட்ரிஷ் நோட்டபோம் என்பவர் ஜெர்மானியர், குவாத்தமாலாவில் தோட்டங்களும் வணிகமும் வைத்திருந்த பணக்காரர். 1939 அக்டோபரில், உலகப் போர் மூண்ட மறு மாதம், லீச்டென்ஸ்டைன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்றாண்டு வசிப்பு நிபந்தனை அவருக்குத் தளர்த்தப்பட்டது. மாவுரன் என்ற ஊருக்கு 25,000 சுவிஸ் ஃபிராங்க், அரசுக்கு 12,500 ஃபிராங்க், அதற்கு மேல் ஆண்டு வரி. அந்த மாதமே குடிமகன் ஆகிவிட்டார். பிறகு குவாத்தமாலா அவர் சொத்துகளைப் பறித்தபோது லீச்டென்ஸ்டைன் அவருக்காகச் சர்வதேச நீதிமன்றம் போனது. 1955 ஏப்ரலில் அந்த நீதிமன்றம், இவருக்கும் உங்கள் நாட்டுக்கும் உண்மையான பிணைப்பே இல்லையே என்று சொல்லி வழக்கை ஏற்க மறுத்தது. சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அதில் இருக்கும் எளிய பாடம் பாடப்புத்தகத்தில் இல்லை: ஏழைக்கு 30 ஆண்டு, பணக்காரனுக்கு ஒரு மாதம்.

பெண்கள் கதை இன்னும் மோசம். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1984-இல். 1971-லும் 1973-லும் ஆண்கள் மட்டும் வாக்களித்து மறுத்தார்கள். 1984-இல் ஆதரவு 2,370, எதிர்ப்பு 2,251. வெறும் 119 வாக்குகள் வித்தியாசம். இந்திரா காந்தி இங்கே நான்காவது முறை பிரதமராக இருந்த ஆண்டு அது. 'வளர்ந்த நாடு' என்று சொல்லும்போது எது வளர்ந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோட்டையில் இருக்கும் இளவரசர் காட்சிப் பொருள் என்று நினைக்க வேண்டாம். மக்கள் நிறைவேற்றும் சட்டத்தை அவர் தடுக்கலாம். 2003-இல் அரசமைப்பில் அதிகாரத்தைக் கூட்டித் தராவிட்டால் நாட்டைவிட்டே போய்விடுவேன் என்றார், மக்கள் கொடுத்தார்கள். 2012-இல் அந்தத் தடுப்பதிகாரத்தைக் குறைக்க வாக்கெடுப்பு நடந்தது. 76 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். வசதியாக இருப்பவன் அரண்மனையை ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும்?

அறமில்லாத அறக்கட்டளை

வசதி எங்கிருந்து வந்தது? நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எல்லாம் வங்கிப் பணம் இல்லை. தொழிற்சாலைகள் உண்டு. கட்டட வேலை செய்யும் என் அண்ணனுக்கு லீச்டென்ஸ்டைன் தெரியாது, ஆனால் ஹில்டி தெரியும். கான்கிரீட்டில் துளை போடும் அந்த இயந்திரத்தின் தலைமையகம் அங்கே ஷான் என்ற ஊரில் இருக்கிறது. தொழிற்சாலையில் உழைப்பவர்களில் எத்தனையோ பேர் மாலையில் எல்லை தாண்டுகிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்த செலவு பக்கத்து நாடுகளுடையது. அவ்வளவு ஏன், வாடூஸில் உள்ள பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவே 2014-இல் மூடப்பட்டுவிட்டது. இரத்தவழியில் குடியுரிமை பார்க்கும் நாட்டின் பெரும்பாலான குழந்தைகள் எல்லைக்கு அப்பால் பிறக்கின்றன.

இன்னொரு பாதி வசதிக்கு 1926-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று காரணம். நபர்கள், நிறுவனங்கள் பற்றிய சட்டம். அதில் 'ஸ்டிஃப்டுங்' என்று ஒன்று உண்டு. தமிழில் அறக்கட்டளை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அறத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை செய்யும் விதம் இதுதான். உங்கள் பணத்தை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். இனி அது உங்களுடையது இல்லை, வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பீர்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் அதை நிர்வகிப்பார். யாருக்குப் பலன் என்பது தனியாக ஒரு காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தைப் பொதுமக்கள் யாரும் பார்க்க முடியாது. அதில் முதலில் உங்கள் பெயர், பிறகு உங்கள் பிள்ளை, பிறகு பேரப்பிள்ளை. சொத்து யாருடையதும் இல்லை, ஆனால் பலன் இரத்தவழியில் மட்டும் ஓடும்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட அறக்கட்டளைகளும் பெயர்ப்பலகை நிறுவனங்களும் அந்த நாட்டு மக்கள் தொகையை விட அதிகமாக இருந்தன. 2008 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. அரச குடும்பத்துக்குச் சொந்தமான எல்ஜிடி வங்கிக் குழுமத்தில் வேலை பார்த்த ஒருவர் எடுத்துப்போன பட்டியலை ஜெர்மனியின் உளவுத்துறை பணம் கொடுத்து வாங்கியது. ஜெர்மன் அஞ்சல் நிறுவனத்தின் தலைவர் கிளவுஸ் ஸும்விங்கல் வீட்டில் சோதனை நடந்தது. அடுத்த ஆண்டு அவருக்குத் தண்டனையும் கிடைத்தது, நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை.

அந்தப் பட்டியலில் இந்தியப் பெயர்களும் இருந்தன. ஜெர்மனி அவற்றை இந்தியாவிடம் கொடுத்தது. இந்திய அரசோ வெளியிட மாட்டேன் என்றது. ராம் ஜெத்மலானி முதலானோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2011 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டும் இழுத்தடித்து, 2014 ஏப்ரலில்தான் 26 பெயர்களை அரசு நீதிமன்றத்தில் கொடுத்தது. அவர்களில் சிலர் மீது ஆதாரம் இல்லை என்று அரசே சொன்னது, அதனால் பெயர்களுக்குள் நான் போகவில்லை. என் கேள்வி வேறு. ஓர் ஏழை மாணவி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் கேட்கும் அரசு, 26 பணக்காரர்களின் பெயரைச் சொல்ல ஏன் அத்தனை ஆண்டு தயங்கியது? நம்முடைய ஒவ்வொரு ரூபாய்க்கும் சான்றிதழ் வேண்டும். அவர்களுடைய கோடிகளுக்கு 'அந்தரங்க உரிமை' உண்டு.

எனக்கு ஆய்வு உதவித்தொகை ஒரு முறை பதினோரு மாதம் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது 'ஃபண்ட் வரலை' என்றார்கள். அந்த மாதங்களில் அண்ணன்தான் பணம் அனுப்பினார், ஹில்டி பிடித்த கையால். வாடூஸில் வங்கிகள் இருக்கும் தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்த 'ஃபண்ட்' நினைவுக்கு வரும். உலகில் எங்கேயோ ஃபண்ட் வரவில்லை என்றால், வேறெங்கோ அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

'தகுதி' பேசுவோருக்கு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். லீச்டென்ஸ்டைன் 2011-இல் வாரிசுரிமை வரியை ஒழித்தது. கேவலம் என்று சொல்லப் போகிறீர்களா? பொறுங்கள். இந்தியா 1985-லேயே ஒழித்துவிட்டது. செல்வ வரியை 2015-இல் ஒழித்தது. தாத்தா சேர்த்த நூறு ஏக்கரும் பத்து கட்டடமும் ஒரு பைசா வாரிசு வரி இல்லாமல் பேரனுக்கு வந்து சேரும் நாட்டில்தான் நாம் வாழ்கிறோம்.

அந்த நூறு ஏக்கர் எப்படி வந்தது? எங்கள் மாவட்டத்தில் பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதி என்பது யாரோடு உண்பது, யாரை மணப்பது என்பது மட்டும் இல்லை. நிலமும் படிப்பும் பதவியும் எந்த இரத்தத்துக்குள் சுற்ற வேண்டும் என்று போட்ட வேலியும் அதுதான். அகமணத்தின் மூலம்தான் சாதி நிற்கிறது என்று அம்பேத்கர் 1916-லேயே காட்டினார். அகமணத்தால் பெண்களைக் காவல் காப்பவர்கள், வாரிசுரிமையால் சொத்தைக் காவல் காக்கிறார்கள். வெளிநாட்டு ஸ்டிஃப்டுங் அந்தக் காவலுக்குச் சட்ட உடுப்பு மாட்டிவிடுகிறது.

தகுதி, திறமை என்று பேசும் நண்பர்கள் இந்த வாரிசுரிமையைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி ஐந்து மதிப்பெண் குறைவாக வாங்கி உள்ளே வந்தால் நாடு கெட்டுவிடும். எந்தத் தேர்வும் எழுதாமல் ஐம்பது கோடி வாங்குகிறவனால் ஒன்றும் கெடாது. பிறப்பால் பெறுவது தவறு என்றால் இரண்டும் தவறு என்று சொல்லுங்கள். இல்லையென்றால், தகுதி என்ற சொல்லைக் கீழே வையுங்கள்.

'தம்பி என்ன ஆக்கள்?'

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லீச்டென்ஸ்டைனில் நடப்பது சாதி இல்லை. மாலைப் பேருந்தில் திரும்பும் ஆஸ்திரியருக்கு நல்ல சம்பளம் உண்டு, அவரைத் தொட்டால் யாருக்கும் தீட்டு இல்லை. முப்பது ஆண்டு கழித்தாவது அங்கே கதவு திறக்கும். காலனிக்காரன் முந்நூறு ஆண்டு இருந்தாலும் ஊர்க்காரன் ஆவதில்லை. எல்லாப் பாகுபாட்டையும் சாதி என்று அழைத்தால் சாதியின் கொடூரம் மங்கிப்போகும். அதைச் செய்யக் கூடாது.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஓர் ஈழத்து அண்ணன். வாடூஸில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. வீடு ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சுவிட்சர்லாந்தின் பூக்ஸில். பேருந்து நிறுத்தத்தில் நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு வந்து பேசினார். "தம்பி, இருவது வருசத்துக்கு மேல இவையளுக்குச் சமைச்சுப் போடுறன். இஞ்ச வேலை செய்யலாம், படுத்தெழும்ப ஏலாது" என்றார். சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஊர் வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இருந்தது. "மனிசரைப் பாத்து வேணும், வேண்டாம் எண்டு கை தூக்கிறதே? என்ன நியாயம் தம்பி?"

எவ்வளவு சரியான கேள்வி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். பேருந்து வருவதற்குள் ஊர் எது, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். விழுப்புரம் என்றேன். அதன் பிறகு மெதுவாக, அன்போடுதான், கேட்டார்: "தம்பியவை என்ன ஆக்கள்?"

நான் சொன்னேன். மறைக்கவில்லை. "ஓ, அப்பிடியே" என்றார். பேருந்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பற்றி அவர் பிறகு பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்து, வேறொருவர் நாட்டில் இரவு தங்க அனுமதி இல்லாமல், முதுகொடிய உழைக்கும் மனிதர். தனக்கு முன்னால் இருக்கும் வேலியை மிகத் துல்லியமாகப் பார்த்தவர். தான் கையோடு கொண்டுவந்த வேலி அவர் கண்ணில் படவில்லை. அவருக்கு எதிரே இருந்த வேலிக்குச் சட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, 56 என்றால் 56. எனக்கு எதிரே இருந்ததற்கு ஒரு கேள்வி மட்டும் போதுமாக இருந்தது.

என்ன செய்ய வேண்டும்

சமூகநீதி பேசும் இளைஞர்கள் வரி என்றாலே பொருளாதாரம் படித்தவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆணவக்கொலைக்கு எதிராகத் தெருவுக்கு வருகிறோம், வர வேண்டும். இட ஒதுக்கீட்டைக் காக்க வழக்காடுகிறோம், வேண்டும். ஆனால் பட்ஜெட் அன்று அமைதியாக இருக்கிறோம். பள்ளியும் விடுதியும் உதவித்தொகையும் வரியில் இருந்துதான் வருகின்றன. வரியை ஒளிப்பவன் எங்கள் விடுதியின் கூரையைப் பிரித்துக்கொண்டு போகிறான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை நம் மேடைகளில் பேச வேண்டும். பெரும் சொத்துகள் மீது வாரிசுரிமை வரியை மீண்டும் கொண்டுவர வேண்டும். நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பின்னால் இருக்கும் உண்மையான பயனாளி யார் என்ற பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இப்படிப்பட்ட பொதுத் திறப்பு அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது, அதனால் நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டும். மூன்றாவது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் உதவித்தொகையை 'ஃபண்ட் வரலை' என்று நிறுத்தும் ஒவ்வொரு முறையும், விட்டுக்கொடுத்த வரியின் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

இதோடு நான்காவதாக ஒன்று உண்டு. அதற்கு அரசாணை தேவையில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள். வீடு வாடகைக்கு விடும்போதும், சாப்பிடக் கூப்பிடும்போதும்.

காணொளி அனுப்பிய நண்பருக்கு நேற்றுத்தான் பதில் போட்டேன். "அந்த ஊரில் உனக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை. ஆனால் உன் தாத்தாவின் சொத்துக்கு இடம் உண்டு. அதனால்தான் உனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.